ஆசிரியர் குழுவுக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா? வம்பு செய்பவரையும் புதிதாக வருபவரையும் வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு வட்டாரத்தின் கணித ஆசிரியர்கள், ஒரு மாவட்டத்தின் எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசுத் திட்டம்) வகுப்பாசிரியர்கள் என்று 300, 400 பேர் சேர்ந்த குழுவில் அட்மினாக இருப்பவருக்குப் பாடக்குறிப்பால் தலைவலி வருவதில்லை. காலை வணக்கப் படம், போலி அரசாணை, சீட்டு விளம்பரம், சங்கச் சண்டை ஒரு பக்கம். "இரண்டாம் பருவ வினாத்தாள் யாரிடமாவது இருக்கா?" என்று வாரத்துக்கு நான்கு முறை கேட்கும் புதியவர்கள் மறுபக்கம். இந்த இரண்டையும் சமாளிக்க எது தோது என்பதே கேள்வி. எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பேச்சை டெலிகிராமுக்கு மாற்றிவிட்டோம். வாட்ஸ்அப் அறிவிப்புப் பலகையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை, டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை. வட்டார அளவில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. வாட்ஸ்அப் எல்லார் போனிலும் உண்டு, அலுவலகச் சுற்றறிக்கையும் அதில்தான் வருகிறது. ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும் தலைமையாசிரியரை டெலிகிராமுக்கு அழைத்துவருவது தனி வேலை. வாட்ஸ்அப் உரையாடல் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டது (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது), டெலிகிராம் குழு அப்படியல்ல. ஆனால் 400 பேர் இருக்கும் இடத்தில் ரகசியம் ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வெளியே போகும். குறியாக்கம் அதற்கு என்ன செய்யும்?

எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் நடுவே

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம். ஆசிரியர் குழுவில் வம்பு செய்பவர் முகம் தெரியாத ஆள் அல்ல. அடுத்த குறுவளமையக் கூட்டத்தில் (அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடுமிடம்) பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறவர், தேர்தல் பணிக்கு ஒரே வாக்குச்சாவடியில் வந்து நிற்கக்கூடியவர், சில சமயம் நம் தலைமையாசிரியரே. அவரைக் குழுவிலிருந்து தூக்கினால் விஷயம் போனுக்குள் முடியாது. சங்கக் கூட்டத்தில் பேசுபொருளாகும். மறுநாளே போட்டிக் குழு ஒன்று முளைக்கும். இதற்குப் பயந்தே அட்மின்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்து ஒருநாள் நீக்கும்போது, அந்த நாளின் தவறைவிடக் கோபம் பெரிதாக இருக்கும்.

வாட்ஸ்அப் அட்மினால் மூன்று காரியம் செய்ய முடியும். பதிவை அழிக்கலாம், ஆளை நீக்கலாம், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழு முழுவதையும் பூட்டலாம். ஒருவரை மட்டும் ஒரு நாள் எழுதவிடாமல் வைக்க வழி இல்லை. அழித்த இடத்தில் எந்த அட்மின் அழித்தார் என்று பெயரோடு தடம் நிற்கும். "ஏன் சார் அழிச்சீங்க?" என்று அடுத்த சண்டை அங்கேயே தொடங்கும். பூட்டினாலோ, ஒருவர் செய்ததற்கு மீதி 399 பேருக்கும் தண்டனை.

டெலிகிராமில் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயரை அழுத்திப் பிடித்தால் அனுமதிகளை மாற்றும் திரை வரும். எழுத்து, படம், வீடியோ, கோப்பு, குரல் பதிவு, ஸ்டிக்கர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். கீழே கால அளவு: 1 நாள், 1 வாரம், 1 மாதம், அல்லது நாமே குறிக்கும் தேதி. காலை வணக்கப் பேர்வழிக்குப் படத்தையும் வீடியோவையும் மட்டும் ஒரு வாரம் நிறுத்தினால் போதும். பாடச் சந்தேகத்தை அவர் அப்போதும் எழுத்தில் கேட்கலாம். கெடு முடிந்ததும் தடை தானாக விலகிவிடும், "என்னை எப்போ விடுவீங்க?" என்று அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வயதில் மூத்தவர்களிடம் இந்த ஒரு வசதிக்கே பெரிய மதிப்பு உண்டு. அழித்த பதிவும் உரையாடலில் தடமில்லாமல் மறையும்.

இதில் சறுக்கும் இடங்களும் உண்டு. இணைப்புகளுக்கான சுவிட்சை அணைத்தால் இணைப்பே போகாது என்று பலர் நம்புகிறார்கள். அது இணைப்பின் முன்தோற்றப் பெட்டியை மட்டும்தான் நிறுத்தும். முகவரியை எழுத்தாக ஒட்டினால் தாராளமாகப் போகும். ஃபார்வர்டு செய்த வெறும் எழுத்தும் எழுத்து என்றே கணக்காகும். இந்த இரண்டையும் அடைக்க ரோஸ் போன்ற நிர்வாக பாட் (குழுவில் தானாக வேலை செய்யும் நிரல்) ஒன்று வேண்டும். அதில் இணைப்புப் பூட்டு, ஃபார்வர்டு பூட்டு இரண்டும் இருக்கின்றன, ஆனால் குழு முழுவதற்கும்தான் விழும். அந்த நிரலுக்குப் பதிவு அழித்தல், ஆளைக் கட்டுப்படுத்தல் என்ற இரண்டு அதிகாரம் மட்டும் கொடுங்கள். அட்மினாக இருக்கும் பாட் குழுவின் எல்லாப் பதிவுகளையும் படிக்க முடியும் என்பதை உறுப்பினர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நாணயம்.

அளவுகள் எங்கள் கணக்கில் இப்படி. முதல் முறை: பதிவை எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் தனிச் செய்தி. இரண்டாம் முறை: 1 நாள் ஊடகத் தடை. மூன்றாம் முறை: 7 நாள் முழுத் தடை. அதற்கு மேலும் தொடர்ந்தால் இரண்டு அட்மின்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகே நீக்கம். போலி அரசாணை, மாணவர் படம், ஆதார் எண் ஆகியவற்றுக்கு முதல் முறை என்ற சலுகை கிடையாது, நேரே 7 நாள். தனிச் செய்தியின் நடை முக்கியம். "வணக்கம் ஐயா. காலையில் நீங்கள் பகிர்ந்த அரசாணையில் எண்ணும் நாளும் பொருந்தவில்லை, அதனால் எடுத்திருக்கிறேன். மூலப்படி கிடைத்தால் அனுப்புங்கள், நானே பதிவிடுகிறேன்." இந்த அளவு போதும். விதி எண்ணை மேற்கோள் காட்டி எழுதினால் குறிப்பாணை வாசனை அடிக்கும். ஆசிரியர்களுக்கு 17(பி), அதாவது அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை விதி, ஞாபகம் வந்துவிட்டால் காரியம் கெட்டது.

ஆளைக் குறிவைக்காமல் சூட்டைத் தணிக்க டெலிகிராமில் மெதுநிலை (ஸ்லோ மோட்) இருக்கிறது. ஒருவர் ஒரு பதிவு போட்டால் அடுத்ததற்குச் சில நொடியிலிருந்து 1 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்று வைக்கலாம். ஆசிரியர் பதவி உயர்வுக்கான மாநில முன்னுரிமை பற்றிய 243ஆம் எண் அரசாணை 2023 டிசம்பரில் வந்தது; பணியிலிருக்கும் ஆசிரியரும் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2025 செப்டம்பர் 1 அன்று வந்தது. இப்படிப்பட்ட நாளில் 15 நிமிடம் வைத்தால் பதிலுக்குப் பதில் அடங்கும், கருத்து நிற்கும். அட்மின்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது, அதனால் அன்றைக்கு அட்மின்கள் விவாதத்தில் இறங்காமல் இருப்பது நல்லது. "நான் அப்படி எழுதவேயில்லை" என்று பின்னால் மறுப்பவருக்கு அண்மை நடவடிக்கைகள் பதிவேடு இருக்கிறது. அழிக்கப்பட்ட பதிவும் அதில் அட்மின்களுக்குத் தெரியும். 48 மணி நேரம்தான் தங்கும்; தேவையானதை அதற்குள் படம் எடுத்து வைக்க வேண்டும்.

புதியவர்

இரு செயலியிலும் அட்மின் ஒப்புதலுக்குப் பிறகே சேர்க்கும் ஏற்பாடு உண்டு. அதை இன்றே போட்டுவிடுங்கள். டெலிகிராமில் ஓர் இணைப்பை இத்தனை பேருக்கு மட்டும் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு உருவாக்கலாம், அல்லது ஒப்புதல் கேட்கும் இணைப்பாக உருவாக்கலாம். ஒரே இணைப்பில் இரண்டும் சேராது. ஒப்புதல் இணைப்பே மேல்.

யாரென்று சரிபார்ப்பதில்தான் ஓட்டை விழுகிறது. வினாத்தாள் கிடைக்கும் என்று மாணவர்களும், கைடு விற்பவர்களும் நுழையப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள 11 இலக்க யுடைஸ் அடையாள எண்ணைக் கேட்பது வழக்கம். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33 என்று தொடங்கும். ஆனால் அந்த எண் யாரும் இணையத்தில் தேடி எடுக்கக்கூடியது, தனியாக அது சான்றாகாது. எண்ணோடு குறுவளமையத்தின் பெயரையும், குழுவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரின் பெயரையும் கேளுங்கள். அந்த ஒருவரிடம் "இந்த டீச்சரைத் தெரியுமா?" என்று ஒரு வரி கேட்டால் முடிந்தது. அடையாள அட்டைப் படம் கேட்காதீர்கள். அதை வாங்கிப் போனில் வைத்திருப்பதே ஒரு பொறுப்பு.

கேட்டதையே கேட்பவரைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. வாட்ஸ்அப்பில் சேர்ந்தவருக்குக் குழுவின் முழு வரலாறு திறக்காது. கேட்காமல் வேறென்ன செய்வார்? டெலிகிராமில் பழைய உரையாடல் புதியவருக்குத் தெரியட்டும் என்று ஒரு முறை வைத்துவிட்டால், முதல் நாளிலிருந்து வந்த வினாத்தாள் எல்லாம் தேடினால் கிடைக்கும். கோப்பின் பெயர் "டாக்-002" என்று இருந்தால் தேடலும் உதவாது. வகுப்பு, பாடம், பருவம், ஆண்டு என்ற வரிசையில் தலைப்பு எழுதும் பழக்கத்தை அட்மின்களே தொடங்கி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பொருத்திவைக்கும் செய்தி அதிகபட்சம் 30 நாள். டெலிகிராமில் நாம் எடுக்கும்வரை இருக்கும்.

பெண் ஆசிரியர்களுக்கு இன்னொன்று கூடுதல் முக்கியம். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் எண் எல்லாருக்கும் தெரியும். பாடம் கேட்க வந்தவருக்கு இரவு 11 மணிக்கு வணக்கம் வரும். டெலிகிராமின் தனியுரிமை அமைப்பில் போன் எண்ணை யாருக்கும் இல்லை என்று மாற்றிக்கொள்ளலாம். 100 பேருக்கு மேல் உள்ள குழுவில் உறுப்பினர் பட்டியலையே அட்மின் மறைக்கலாம். வரவேற்புச் செய்தியின் முதல் வரியாக இந்த அமைப்பைச் சொல்லிக்கொடுங்கள், விதிகள் அதற்குப் பிறகு வரட்டும்.

டெலிகிராமின் குறையும் இங்கேதான். தேடினால் கிடைக்கும் பொதுப்பெயர் வைத்தால் கிரிப்டோ விளம்பரமும் ஆபாசப் பதிவு போடும் பாட் கணக்குகளும் வரிசை கட்டும். பொதுப்பெயர் வைக்காதீர்கள். அட்மின் பெயரும் படமும் வைத்த போலிக் கணக்கிலிருந்து உறுப்பினர்களிடம் பணம் கேட்கும் மோசடியும் உண்டு. "அட்மின் யாரும் தனிச்செய்தியில் பணம் கேட்கமாட்டார்" என்று பொருத்திவையுங்கள்.

அட்மின்களே சண்டையிட்டால்? வாட்ஸ்அப்பில் எல்லா அட்மினுக்கும் ஏறக்குறைய ஒரே அதிகாரம். கோபத்தில் ஒருவர் மற்ற அட்மின்களை எல்லாம் இறக்கிவிட முடியும். குழுவைத் தொடங்கியவரை மட்டும் முடியாது. டெலிகிராமில் புது அட்மின் சேர்க்கும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் வைத்து, மற்றவர்களுக்கு அழிக்கவும் தடை போடவும் மட்டும் தரலாம். 400 பேருக்கு மூன்று அட்மின் போதும். மூவரும் ஒரே சங்கத்தவராக இருக்கக்கூடாது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

மின்னஞ்சல் குழுவையும் நேர்மைக்காகச் சேர்க்க வேண்டும். கர்நாடகத்தில் பாட ஆசிரியர் மன்றங்கள் அந்த வழியில்தான் நடந்தன. புதியவரின் பதிவை அட்மின் பார்த்த பிறகே வெளியிடும் வசதி கூகுள் குழுக்களில் இருக்கிறது. அதனால் வம்பு பிறக்கும் முன்பே நின்றுவிடும். ஆழமான பாட விவாதத்துக்கு அது மேல் என்றே தோன்றுகிறது. ஆனால் மின்னஞ்சலை எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தளம்) கடவுச்சொல் மீட்க மட்டும் திறக்கும் ஊரில் 30 பேரைத் தாண்டி அதை நாங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை. டெலிகிராம் பற்றிச் சொன்ன அளவுகளும் 500 பேர் வரையான குழுக்களுக்குத்தான். ஆயிரங்களில் போகும் மாநிலக் குழுவுக்கு இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம்.

"யாரோ எழுதினால் அட்மின் உள்ளே போகணுமா?" என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழு பற்றிய ஒரு வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் அதே திசையில் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேறு கதை. அது எழுதியவரைத் தொடும், எந்தச் செயலியில் எழுதினாலும் தொடும்.

மாற்றுவதாக இருந்தால் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்காதீர்கள். இரண்டு வாரம் இரண்டிலும் கோப்புகளைப் போடுங்கள். மூன்றாம் வாரம் கோப்பு டெலிகிராமில் மட்டும் வரட்டும், வாட்ஸ்அப்பில் அதன் இணைப்பு மட்டும். அதன்பின் வாட்ஸ்அப்பை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டலாம். ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு முடிந்த வாரத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். சேர விரும்புவோர் பட்டியல் அப்போது நாளுக்கு நாற்பது வரை போகும். ஒவ்வொருவரையும் விசாரித்துச் சேர்க்க மூன்று அட்மின் போதாது.