ஒருவரே எல்லாமா, ஆளுக்கொரு வேலையா?

கிளிநொச்சியில் இப்போது கமெராக்காரரைத் தேடி அலையத் தேவையில்லை. கலியாணம், சாமத்திய வீடு, திருவிழா, செத்தவீட்டு நேரலை, எதற்கும் ஆள் உண்டு. ஓர் ஆவணப்படமோ, ஊர்க்கதை சொல்லும் காணொளியோ செய்ய வெளிக்கிடும்போதுதான் கேள்வி வருகிறது: எல்லாம் தெரிந்த ஒருவரைப் பிடிப்பதா, நாலு பேரைச் சேர்ப்பதா? நான் இரண்டு விதமாகவும் வேலை செய்து பார்த்தவன்.

தனியாளுக்குச் செலவு குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய வசதி, அவர் வந்து நிற்பதே தெரியாது. வயல் வரம்பில் நிற்கும் கமக்காரரிடம் ஒருவர் போனால் மண்வெட்டியைப் பிடித்தபடியே கதைப்பார். நாலு பேர் போனால் சட்டை மாற்ற வீட்டுக்குள் போய்விடுவார். அப்புறம் வருவது பேச்சல்ல, உரை.

ஆனால் கண் கமெராவில் இருந்தால் காது வேலை செய்யாது. இதை நான் படித்தது இரணைமடுக் குளக்கட்டில். ஆனி மாதம், சோளகம் வீசுகிறது. ஓர் அம்மா தன் சிறுவயதுக் கதையை நாற்பது நிமிடம் சொன்னார். பின்னால் தண்ணீர், முகத்தில் நல்ல மாலை வெளிச்சம். நானோ ஹெட்போனைப் பையிலேயே விட்டுவிட்டேன். வீட்டில் போட்டுக் கேட்டால் 'பொப் பொப்' என்று காற்றுத்தான் கதைக்கிறது. மைக்குக்கு மேல் மயிர் உறை ஒன்றை மாட்டியிருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். திரும்பப் போய்க் கேட்டேன். "அதுதான் முதலே சொல்லிப்போட்டனே தம்பி" என்றார். இரண்டாம் தரம் சொன்னதில் பாதிக் கதை இல்லை.

குழுவின் அருமை தெரிய வேண்டுமானால் வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகவேண்டும். இரவு, சனக்கூட்டம், ஒலிபெருக்கி. மூன்று கமெரா என்றால் மூன்றுக்கும் ஒரே அளவு வைக்க ஒருவர் வேண்டும்: செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அளவு மாறினால் ரியூப் லைட் சிமிட்டும். ஒலியாளுக்கு அதைவிடத் தலையிடி. தவில் திடீரென்று எழும்பும் என்பதால் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் இடம்விட்டுப் பிடிக்கவேண்டும். பதிவின் உச்ச எல்லையான பூச்சியத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியைப் பிறகு தைப்பது பெரும்பாடு. நேரலையும் உண்டென்றால் இணையத்தை மட்டும் பார்க்க இன்னொருவர். இங்கே இரவு ஏழு மணி, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. படம் நின்றால் அடுத்த நிமிடமே போன் அடிக்கும்.

குழுவுக்கும் தனி வியாதி உண்டு. ஒருமுறை நாலு பேர் வானில் போய் இறங்கினோம், பற்றரி ஒன்றிலும் சார்ஜ் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் போட்டிருப்பார் என்று இருந்துவிட்டோம். படப்பிடிப்பு முடிந்ததும் கார்ட்டை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்காமல் அழிக்கக்கூடாது. அதுவும் ஒருவரின் பெயரில் எழுதப்பட்ட வேலையாக இருக்கவேண்டும்.

சரி, காசு இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது என்றால்? பலர் இரண்டாவதாக ட்ரோன்காரரைத் தேடுவார்கள். குளமும் வயலும் மேலிருந்து அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதிவு, அனுமதி என்று அலைச்சல் வேறு. கிடைப்பதும் அரை நிமிடக் காட்சி. நான் ஒலிக்குத்தான் ஆள் வைப்பேன். எடிட்டிங்கைக் கமெராக்காரரே பார்க்கலாம்.

மூன்றாம் ஆளுக்கும் காசு கிடைத்தால், வன்னித் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர், வசன வரிக்கு. வெளியில் கொடுத்துச் செய்த ஒரு காணொளியில் சிறுபோகம் என்ற நெற்செய்கைக் காலத்தை 'சிறிய இன்பம்' என்று ஆங்கிலத்தில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நெல்லைப் பற்றிக் கதைத்த ஐயாவைப் பேரப்பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்களோ.

இப்போது என்னோடு வரும் ஒலிப்பொறுப்பாளர் இருபத்திரண்டு வயதுத் தங்கச்சி. கமெராவைத் தொட ஆசைப்பட்டதே இல்லை. போன கிழமை ஒரு பெரியவர் கண்கலங்கிக் கதைத்துக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள். எனக்கு விசர் வந்தது. ஹெட்போனை என் காதில் வைத்தாள்: தூரத்தில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம். அது ஒழுங்கை திரும்பிப் போகும்வரை மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.