பெயின்ட் அடித்த ரோல் கேஜை நம்பி வண்டியில் ஏறாதீர்கள்

திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் பக்கம் ஜீப்புக்கோ பண்ணை வண்டிக்கோ ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் பைப் கூண்டு) செய்யக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் வண்டியில் போன இரண்டு பேர் உயிர் பிழைத்தது வண்டி மெதுவாகப் போனதாலும் பெல்ட் போட்டிருந்ததாலும்தான். கேஜ் அவர்களைக் காப்பாற்றவில்லை.

முத்துப்பேட்டைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் இறால் குட்டையும் இருக்கின்றன. தீவன மூட்டை, டீசல் கேன், ஏரேட்டர் சாமான்களைக் கரை வழியே கொண்டுபோக ஒரு பழைய சைடு பை சைடு வண்டி வாங்கினோம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் நான்கு சக்கர வண்டி. ரோட்டில் ஓட்டுவதில்லை, தோப்புக்குள் மட்டும். கதவும் கூரையும் இல்லாத இந்த மாதிரி வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேலே இருக்கும் பைப் கூண்டுதான் காப்பு. கம்பெனி கொடுத்த கூண்டு உப்புக்காற்றில் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதனால் புதிதாகச் செய்யக் கொடுத்தோம்.

பட்டறை பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய கொட்டேஷன் இன்னும் என்னிடம் இருக்கிறது: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், சீம்லெஸ் பைப் (நீளவாக்கில் ஒட்டு இல்லாதது), மிக் வெல்டிங். கார் பந்தயத்துக்கு எஃப்.ஐ.ஏ. என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் விதிகள் மெயின் ஹூப்புக்கு (இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவு) கேட்கும் அளவுகளில் ஒன்றும் இதுதான். படித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தவர்கள் என்றுதான் தோன்றியது. ₹85,000 பேசி, முக்கால்வாசியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். வேலை நடக்கும்போது வந்து பார்க்கிறோம் என்று கேட்டால், "மெஷின் ஓடுற இடத்துல வெளியாள் நிக்கக் கூடாது சார்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். வண்டி திரும்பி வந்தபோது கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது. பில்லில் "கேஜ் ஒர்க்" என்ற இரண்டு வார்த்தை மட்டும்.

மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாரி, அள்ளிய சேற்றைக் கரையிலேயே கொட்டியிருந்தார்கள். மேலே காய்ந்தும் உள்ளே சொதசொதவென்றும் இருந்த மண். தம்பி நடை வேகத்தில்தான் ஓட்டினான். இடப்பக்கச் சக்கரம் புதைந்து, வண்டி சாய்ந்து வாய்க்காலுக்குள் புரண்டது. அவனுக்கும் கூட இருந்த வேலைக்கார அண்ணனுக்கும் தோளில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் கேஜின் முன்தூண், பப்பாளி இலைக் காம்பு மடங்குவது போல வளைவிலேயே நசுங்கி மடங்கி, தம்பியின் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அக்கா மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டும் பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்குக் கேஜ் செய்த குழுவில் இருந்தவன். அவன் வந்து மடங்கிய இடத்தை அறுத்து வெர்னியர் அளவுகோல் வைத்தான். கனம் 1.6 மி.மீ. அறுத்த பைப்புக்குள் என்னை விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னான். நீளவாக்கில் நூல் கனத்துக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. தகட்டைச் சுருட்டி விளிம்பை ஒட்டிய ஈ.ஆர்.டபிள்யூ. பைப்பின் தையல் அது. கட்டிலும் கேட்டும் செய்கிற பைப். ஈ.ஆர்.டபிள்யூ. எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. சீம்லெஸ்ஸுக்குக் காசு வாங்கிவிட்டு, கனமும் குறைந்த இதைக் கொடுத்தது ஏமாற்று. 2.5 மி.மீ.க்குப் பதில் 1.6 போட்டால் வளைவைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மெல்லிய சுவர் வளைவில் சீக்கிரம் நசுங்கியும் விடும்.

அடுத்து ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டினான். பெயின்டோடு பட்டி பெயர்ந்து விழுந்தது. அடியில் கிரைண்டரால் மழித்த வெல்டும் அதில் ஊசித் துவாரங்களும் இருந்தன. ஒரு பைப்பின் முனையை இன்னொன்றின் உருளைக்குப் பொருந்தும்படி குடைந்து வெட்டித்தான் ஒட்ட வேண்டும். இவர்கள் நேராக அறுத்து, இடைவெளியில் வெல்டிங் ராடுத் துண்டுகளைச் செருகி மேலே பூசியிருந்தார்கள். கேஜின் கால், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் தொடவே இல்லை. தரைத் தகட்டில் இரண்டு போல்ட், அவ்வளவுதான். பந்தய விதியில் ஒரு காலுக்குக் குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட்டும், 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. பரப்புள்ள தாங்கு தகடும் வேண்டும்.

பட்டறையில் கேட்டதற்கு, "வயல்ல ஓட்டுற வண்டிக்கு இதுக்கு மேல எதுக்கு சார்?" என்றார் முதலாளி. அப்புறம், மடங்கிய இடத்தில் ஒரு துண்டு வைத்து இலவசமாக ஒட்டித் தருகிறேன் என்றார். நசுங்கிய கேஜை ஒட்டி மறுபடி ஆளை உட்கார வைக்கச் சொல்கிற மனிதரோடு மேலே பேச எனக்கு மனம் வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வணிகத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும் என்பதால், சொந்தப் பிழைப்புக்கு நாங்களே ஓட்டும் வண்டி என்று புகாரிலேயே எழுதியிருக்கிறோம். அந்த வாட்ஸ்அப் கொட்டேஷன் இல்லையென்றால் கையில் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

புதுக் கேஜைத் திருவெறும்பூர் பக்கம் கொடுத்திருக்கிறோம். பெல் ஆலைக்கு வேலை செய்து பழகிய வெல்டர்கள் அங்கே நிறைய. இந்த முறை பைப் வெட்டுவதற்கு முன்பே எடை போட்டோம். 45க்கு 2.5 என்றால் மீட்டருக்கு 2.6 கிலோ வரும், 1.6 கனம் என்றால் 1.7 கிலோதான். தராசு வைத்தால் ஐந்து நிமிஷ வேலை. வெல்டிங் முடிந்ததும் பிரைமர்கூட அடிக்காமல் நாங்கள் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். மூலைகளில் சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் போடுவார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். சரியாக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை.

ஏற்கெனவே கேஜ் செய்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், வளைவும் மூட்டும் இல்லாத இடமாகப் பார்த்து 4.5 மி.மீ. துளை ஒன்று போட்டு, வளைத்த கம்பியை உள்ளே கொக்கி போட்டுச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பாஜா போட்டியிலும் இப்படித் துளை போட்டுத்தான் கனத்தைப் பார்க்கிறார்களாம். அளந்தபின் துளையை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள், நம் பக்கத்து ஈரக்காற்று உள்ளே போனால் துரு பிடிக்கும். டிராக்டருக்கு வெயிலுக்காக மாட்டும் கூரையை யாரும் கேஜ் என்று நினைக்க வேண்டாம், அது கவிழும் டிராக்டரைத் தாங்காது.