டாப்லாஸ் கிரீக்: ஆட்டு மந்தை வைத்திருக்கும் ஒயின் தோட்டம்

ஒயின் பாட்டிலில் 'பசுமை', 'இயற்கை' என்று எழுதியிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், பாதி நேரம் அது லேபிள் எழுதினவரின் கைவண்ணம்தான். கலிஃபோர்னியாவில் பாசோ ரோபிள்ஸுக்கு மேற்கே அடிலெய்டா மலைப்பக்கம் இருக்கும் டாப்லாஸ் கிரீக்கில் அந்தச் சந்தேகத்துக்கு வேலை இல்லை. விலை கொஞ்சம் அதிகம். ஆனால் எதை வாங்குவது என்று தெரிந்து போனால் காசு வீணாகாது.

பிரான்ஸில் ஷாத்தோநெஃப்-து-பாப் பகுதியின் பெயர்பெற்ற போகாஸ்டெல் தோட்டத்தை நடத்தும் பெரான் குடும்பமும், அமெரிக்காவில் ஒயின் இறக்குமதி செய்துவந்த ராபர்ட் ஹாஸும் சேர்ந்து 1989-இல் வாங்கிய நிலம் இது. போகாஸ்டெலிலிருந்தே திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்தார்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்க அமெரிக்க அரசு அவற்றை மூன்று வருஷம் தனியாக வைத்திருந்து, அப்புறம்தான் கையில் கொடுத்தது. அவ்வளவு பொறுமை இருந்தவர்கள் மண்ணையும் அவசரப்படுத்தவில்லை.

தோட்டத்தில் பெரும்பகுதி மானாவாரி. அந்த ஊரில் மழையெல்லாம் குளிர்காலத்தில்தான், கோடையில் ஒரு சொட்டு விழாது, இருந்தும் கொடி தாக்குப்பிடிக்கிறது என்றால் காரணம் அடியில் இருக்கும் சுண்ணாம்பு மண். வெளுத்த கட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள், கல் போலத் தெரியும், ஆனால் நகத்தால் கீறலாம், கை முழுக்க மாவு ஒட்டும். குளிர்காலத் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுப்பது அதுதான். ஸ்க்ரஃபி ஹில் என்கிற சரிவில் பந்தலும் கிடையாது, சொட்டுநீர்க் குழாயும் கிடையாது; ஒவ்வொரு கொடியும் தாராளமாக இடம் விட்டுக் குத்துச்செடி மாதிரி தனியாக நிற்கும்.

அப்புறம் அந்தச் செம்மறி மந்தை. நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்களே, அதே கணக்குதான். பழம் பறித்த பிறகு உள்ளே விட்டால் வசந்தத்தில் துளிர் விடும்வரை வரிசைக்கு நடுவே முளைத்த புல்லை மேய்ந்து, எருவும் போட்டுவிட்டு வெளியேறும். அதற்கு மேல் விட்டால் இலையையே தின்றுவிடும். குழந்தைகளுக்குக் கொடிகளுக்கு நடுவே ஆடு மேய்வதைக் காட்ட வேண்டுமென்றால் குளிர்காலத்தில் போவதே நல்லது.

2003-இல் ஆர்கானிக் சான்று. 2020-இல் மண், கால்நடை, கூலியாட்களின் நலம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ரீஜெனரேட்டிவ் ஆர்கானிக் சான்று, அமெரிக்காவில் அதை முதலில் வாங்கிய ஒயின் தோட்டம் இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 'பட்லான் டி டாப்லாஸ்' வரிசை பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வாங்கிய பழத்தில் செய்வது. அவர்களே இதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஆட்டுக்கும் மண்ணுக்கும் மயங்கி அதை வாங்கினால் நீங்கள் நினைத்தது வேறு, கையில் வந்தது வேறு. சொந்த நிலத்து ஒயினின் லேபிளில் அடிலெய்டா டிஸ்ட்ரிக்ட் என்று இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

சுவைக்கு வருவோம். பட்லான் சிவப்பு, மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் வறுவலோடு நன்றாகவே போகும், தினசரிக்கு அது போதும். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலையுள்ள 'எஸ்ப்ரி டி டாப்லாஸ்' சிவப்பில் மூர்வேத்ர் திராட்சைதான் தலைவர், கிரெனாஷ், சிரா, கூன்வாஸ் பின்னால் வரும். வாயில் வைத்ததும் கறுத்த பிளம், பிறகு ஈர மண், புகையில் காட்டிய இறைச்சி, கடைசியில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. இளசாகத் திறந்தால் முரடு, சில வருஷம் வைத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம். ரூசான் வெள்ளை எல்லோரும் புகழ்வது, எனக்குத் தேன் வாசமும் கனமும் சற்று அதிகம். என் ஓட்டு பிக்பூல் என்கிற இன்னொரு வெள்ளைக்கு: எலுமிச்சை பிழிந்த மாதிரி புளிப்பு, வறுத்த மீன் இருந்தால் பாட்டில் தீருவது தெரியாது. தனி கூன்வாஸ் கிடைத்தால் விடாதீர்கள், லேசான சிவப்பு, கொஞ்சம் குளிர வைத்துக் குடிக்கலாம்.

ஒயின் தொழிலின் கரியமில வெளியேற்றத்தில் கண்ணாடி பாட்டிலுக்குப் பெரிய பங்கு என்பதால் எடை குறைந்த பாட்டிலுக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். 2022-இல் ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயினை 3 லிட்டர் அட்டைப்பெட்டியிலும் விற்றார்கள். பெட்டி ஒயின் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதால் ராத்திரி ஒரு கோப்பையோடு நிறுத்துகிற வீட்டுக்கு இதைவிட வசதி வேறில்லை.

நேரில் ருசி பார்க்கப் போவதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள். மலைப்பாதை வளைந்து வளைந்து போகும், வண்டி ஓட்டுபவருக்கு, ருசி பார்த்த ஒயினை விழுங்காமல் துப்ப ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் குடிக்காத ஒருவரை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.