குடும்பப் பெயரின் வேரைத் தேட: அகராதியா, ஆவணமா, மரபணுவா?

பெயரின் பொருள் வேறு, அதைத் தாங்கிய குடும்பத்தின் வரலாறு வேறு. ஆராயத் தொடங்கும் பலர் இரண்டையும் ஒன்றென எண்ணுவதால், பெயர் அகராதியைப் புரட்டியதுமே விடை கிடைத்துவிட்டதாக நிறைவடைகிறார்கள். 'ஸ்மித்' என்பது கொல்லரைக் குறிக்கும் என்று அகராதி சொல்வது சரியே. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனையோ குடும்பங்கள் தொழிலை வைத்துத் தனித்தனியே அப்பெயரைப் பெற்றன. அவற்றுள் உங்களுடையது எது என்பதை அகராதி சொல்லாது.

சில நாடுகளில் அகராதி நம்மை வழிதவறச் செய்வதும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1849-இல் அன்றைய ஸ்பானிய ஆட்சியின் ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா பிறப்பித்த ஆணையின்படி, தொகுத்து அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர்கள் வழங்கப்பட்டன. ஆகவே அங்கே ஸ்பானியப் பெயரை மட்டும் கொண்டு ஸ்பானிய மூதாதையரை ஊகிப்பது பிழை. பெயரைச் சொன்னால் குலச்சின்னம் அச்சிட்டுத் தருவோரை நான் சற்றும் நம்புவதில்லை. இங்கிலாந்து மரபில் அச்சின்னம் தனிமனிதருக்கும் அவர் வழிவந்தோருக்கும் உரியதேயன்றி, பெயருக்கு உரியதன்று.

ஆவணத் தேடல் மெதுவானது. எனினும் என் மதிப்பீட்டில் இதற்கு ஈடில்லை. உயிரோடிருப்பவரிடமிருந்து தொடங்கி, பிறப்பு, திருமணம், இறப்பு, நிலம், உயில் என ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை அந்தந்த நாட்டின் பதிவு வரலாறே முடிவு செய்கிறது: இங்கிலாந்தில் திருச்சபைப் பதிவேடுகளுக்கான ஆணை 1538-இல் வந்தது, அரசின் குடிமைப் பதிவு 1837-இல் தொடங்கியது, துருக்கியிலோ 1934-ஆம் ஆண்டுச் சட்டமே எல்லோருக்கும் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது என்பதால், அதற்கு முந்தைய ஏடுகளில் இன்றைய பெயரைத் தேடுவது பெரும்பாலும் பயன் தராது.

இவ்வழியின் பெரிய இடர் எழுத்துக்கூட்டல். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார்; ஒரே மனிதரின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக இருக்கலாம். ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918-லேயே காப்புரிமை வழங்கப்பட்டதற்கு இத்தகைய தொல்லையே காரணம். 'எல்லிஸ் தீவு அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்' என்று பல அமெரிக்கக் குடும்பங்களில் சொல்லப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தோரைச் சோதித்த அத்தீவின் அதிகாரிகள், கப்பல் நிறுவனம் தயாரித்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தவர்களேயன்றி, பெயரை மாற்றியவர்கள் அல்லர். பெயர் மாற்றத்தைப் பிற்காலக் குடியுரிமை ஆவணங்களில் தேடுவதே பொருத்தம்.

மரபணுப் பரிசோதனை வேறொரு கேள்விக்கு விடை தருகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதால், பெயரும் தந்தைவழியே செல்லும் சமூகங்களில், ஒரே பெயருள்ள இரு ஆண்கள் ஒரே மூதாதையரின் வழியினரா என்று பார்க்க முடியும். பிரிட்டிஷ் மரபியலாளர் பிரயன் சைக்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தம் பெயரையே கொண்ட ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே ஒய் வடிவம் இருந்தது. தத்தெடுப்பு, தாயின் பெயரை ஏற்றல் போன்றவற்றால் மற்றவர்களிடம் வேறுபாடு வருவது இயல்பு. பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால், அவர்கள் தந்தையையோ உடன்பிறந்த ஆணையோ நாட வேண்டியிருக்கும். அந்த மூதாதையர் யார், எங்கே வாழ்ந்தார் என்பதைப் பரிசோதனை கூறாது.

ஆகவே ஆவணத்தில் தொடங்குங்கள். கிடைக்கும் மிகப் பழைய எழுத்துக்கூட்டலையும் ஊரையும் கையில் வைத்துக்கொண்டு அகராதியைத் திறந்தால், அது தரும் பொருள்களுள் பொருந்தாதவற்றை நீங்களே தள்ளிவிடலாம். ஏடுகள் முற்றிலும் நின்றுபோன பிறகு, ஒப்பிடுவதற்கு அதே பெயருள்ள இன்னொரு கிளையினர் இசைந்தால், அப்போது பரிசோதனைக்குச் செலவிடலாம்.