எண்களை நம்ப முடியாத ஹீட்டர்: ஒரு டிஸ்கஸ் தொட்டியின் அனுபவம்

சென்னைக் கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் ஏஞ்சல் மீன்கள் வாங்கிவந்த நண்பர் ஒருவர், தம் 100 லிட்டர் தொட்டிக்குக் கடையில் 200 வாட் ஹீட்டரைப் பரிந்துரைத்ததாகச் சொல்லி, அதற்குப் பதிலாக நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஹீட்டரையே வாங்கலாமா என்று கேட்டார். என்னுடையது 100 வாட், கண்ணாடிக் குழாய், தலையில் திருகு குமிழ், உள்ளே வெப்பத்துக்கேற்ப வளைந்து மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஈருலோகப் பட்டை தெர்மோஸ்டாட் கொண்டது. டிஸ்கஸ் என்ற வெப்பமண்டல மீன்களை வளர்க்கும் 200 லிட்டர் தொட்டியில் இருக்கிறது.

சென்னைக்கு ஹீட்டர் எதற்கு என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தங்கமீனுக்குத் தேவையே இல்லை. டிஸ்கஸுக்கோ 28 முதல் 30 டிகிரி வேண்டும். மார்கழி, தை இரவுகளில் நகரின் வெப்பநிலை 20, 21 வரை இறங்குகிறது. பலரும் கவனிக்காதது ஏ.சி. அறை. பகலில் 31 டிகிரியைத் தொடும் தொட்டி நீர், இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் அறையில் விடிவதற்குள் சில டிகிரி குளிர்ந்துவிடுவதால், கத்திரி வெயில் காலத்திலும் என் ஹீட்டர் பின்னிரவில் எரிகிறது. இந்த ஏற்ற இறக்கம் மீனின் எதிர்ப்பாற்றலைக் குலைத்து, வெள்ளைப் புள்ளி நோய்க்கு இடம் கொடுத்துவிடும்.

அதைத் தடுக்கும் வேலையை இந்த ஹீட்டர் நன்றாகவே செய்கிறது. சரியாக அமைத்துவிட்டால், இரவில் நீரின் வெப்பநிலை அமைத்த அளவிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. போர் தண்ணீரின் உப்பு குழாயின் மேல் வெள்ளையாகப் படிந்தபோதும் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. மீன்கள் நிறம் கறுக்காமல், காலையில் விளக்கைப் போட்டவுடன் உணவுக்காக முன்கண்ணாடிக்கு வந்து நிற்கின்றன. டிஸ்கஸ் வளர்ப்பவருக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

ஆனால், சரியாக அமைப்பது என்பதுதான் என் பொறுமையைத் தீர்த்துவிட்டது. குமிழை 26 என்ற எண்ணில் வைத்தால் தெர்மாமீட்டர் 29 காட்டுகிறது. இதில் ஹீட்டரை மட்டும் குறைசொல்ல முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்: தெர்மோஸ்டாட் தன்னைச் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே உணர்வதால், நீரோட்டம் இல்லாத மூலையில் பொருத்தினால் எந்த ஹீட்டரும் தவறாகத்தான் கணக்கிடும். அதனால்தான் ஃபில்டரின் நீர் வந்து விழும் இடத்துக்கு அதை மாற்றி, வேறொரு தெர்மாமீட்டரையும் வைத்துச் சோதித்தேன். அந்த 3 டிகிரி வேறுபாடு அப்படியே இருந்தது. அதாவது நிலையாகவே தவறும் ஒரு கருவியில், எண்களைத் திருத்திக்கொள்ள ஒரு வழியைத் தயாரிப்பாளர் வைத்திருக்கலாம். ஈஹைம் நிறுவனத்தின் யேகர் வரிசை ஹீட்டர்களில் அந்த வசதி உண்டு. இதில் இல்லை. அது மட்டுமல்ல, உப்பைத் துடைப்பதற்காகக் குழாயை வெளியே எடுக்கும்போதெல்லாம் இறுக்கமற்ற அந்தக் குமிழ் கைபட்டு நகர்ந்துவிடுகிறது. பிறகு தெர்மாமீட்டரையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்து, மணிக்கணக்கில் காத்திருந்து, பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

200 வாட்டைப் பற்றி நண்பருக்கு ஒரு கணக்கைச் சொன்னேன். தெர்மோஸ்டாட்டில் மின்சாரத்தை இணைக்கும் தொடுமுனைகள் நாளடைவில் கருகி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. அப்போது 200 வாட் ஹீட்டர் 100 லிட்டர் நீரை, வெப்ப இழப்பைச் சேர்க்காமல் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 1.7 டிகிரி சூடாக்கும். இரவில் தொடங்கினால் விடிவதற்குள் மீன்கள் இறந்திருக்கும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனும் குறைந்துகொண்டே போகும். 50 வாட் என்றால் மணிக்கு 0.4 டிகிரிதான் ஏறும், இழப்பும் உடன் இருப்பதால் நாம் கவனித்துப் பிளக்கைப் பிடுங்க நேரம் கிடைக்கும். குளிர்நாட்டினருக்கான லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கை, அறைக்கும் நீருக்கும் சில டிகிரி வேறுபாடே உள்ள நம் ஊரில் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

ஆக, நன்றாக உழைக்கும், விலையும் அண்மையில் குறைந்திருக்கும் இந்த ஹீட்டரை வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். கடந்த வாரமும் அந்தக் குமிழ் நகர்ந்து எனக்கு ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியது இந்தத் தீர்ப்பைக் கடுமையாக்கியிருக்கலாம்; ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஏஞ்சல் மீன்களுக்கு 26, 27 டிகிரி போதும். 50 வாட் ஹீட்டர் ஒன்றும் (ஏ.சி. அறையானால் 75 வாட்), நீரில் மூழ்கும் உணரியைக் கொண்டு ஹீட்டரை இயக்கி அணைக்கும் தனிக் கண்ட்ரோலர் ஒன்றும் வாங்கச் சொன்னேன். கண்ட்ரோலரை 27-இல் வைத்து, ஹீட்டர் உண்மையில் அணையும் வெப்பநிலையை அதற்கு ஒரு டிகிரி மேலே நிறுத்தினால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று அணைத்துவிடும். தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தால் வெடித்துவிடக்கூடும்.