பாலிசிக்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கார்க் கம்பெனியின் பாலிசிக்ஸ் கீபோர்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். சென்னையில் ஒரு கீபோர்டு ரிப்பேர் கடையில் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. காப்பாற்றியிருக்கக் கூடிய ஒரு சர்க்யூட் போர்டைக் கெடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

1981-இல் வந்த அனலாக் சிந்தசைசர் இது, மின்சுற்றிலேயே ஒலியை உண்டாக்கும் கீபோர்டு. 61 கட்டை, ஒரே நேரத்தில் ஆறு சுரம், 32 ஒலிகளைச் சேமித்து வைக்கலாம். பல வாத்தியம் சேர்ந்து ஒலிப்பது போல ஆக்கும் அந்த என்செம்பிள் பொத்தானை அழுத்தி, பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு கார்டு பிடித்தால் அறை முழுக்க நிறையும். மதுரையில் மெல்லிசைக் குழுவில் வாசித்த பெரியவர் ஒருவர், "பெட்டிக்குள்ளயே கிடக்கு தம்பி, நீயாவது வாசி" என்று கொடுத்தார். ஜப்பானின் 100 வோல்ட் மாடல் என்பதால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் போட்டேன். சத்தம் வந்தது. ஆனால் ஏழெட்டுக் கட்டைகள் பேசவில்லை, சேமித்த ஒலி ஒன்றும் இல்லை.

பாலிசிக்ஸில் இது தெரிந்த நோய்தான். கேஎல்எம்-367 என்ற போர்டில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை நேராக சால்டர் செய்து வைத்திருப்பார்கள். கரண்ட் இல்லாதபோதும் ஒலிகளை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் கசியும். எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று கவனிக்கும் சிப்பும் அதே போர்டில் இருப்பதால், கசிவு பரவினால் நினைவோடு கட்டைகளும் போகும்.

கடைக்காரர் திறந்து பார்த்ததும், "ஆசிட் கசிஞ்சிருக்கு சார், சோடா உப்பு போட்டுக் கழுவிப் புது பேட்டரி போட்டுடலாம்" என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். இந்தப் பேட்டரியில் கசிவது ஆசிட் இல்லை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற, ஆசிட்டுக்கு நேர் எதிரான காரம். ஆசிட் கசியும் கார் பேட்டரிக்குத்தான் சோடா. காரத்தின் மேல் சோடாவைப் போட்டு ஒரு பயனும் இல்லை. வெள்ளை வினிகரை பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுக் காயவைக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. சரி என்று தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து வாங்கி வந்தேன். எல்லாக் கட்டையும் பேசியது. பெரியவருக்கு போன் போட்டு வாசித்துக்கூடக் காட்டினேன். நான்காவது மாதம் மறுபடி கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. இந்த முறை நானே திறந்தேன்.

போர்டு பளபளவென்று இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் புரிந்தது: கெட்டியாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். அதற்கு அடியில் செம்புப் பாத்திரத்தில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு. ஊசியால் லேசாகக் கீறினேன், டிராக் என்று சொல்லும் செம்புக் கோடு பொடியாக உதிர்ந்தது. காரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டதால் நான்கு மாதமும் அது நிம்மதியாகத் தின்றிருக்கிறது.

பேட்டரி இருந்த இடத்தில் ஒரு சிஆர் 2032 காசு பேட்டரி. அந்த மாற்றம் தப்பில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் பழைய பேட்டரி சார்ஜ் ஏற்றக் கூடியது, கருவியை ஆன் செய்ததும் அதற்குள் கரண்ட் போகும். காசு பேட்டரிக்குள் அப்படிக் கரண்ட் போகவே கூடாது. சார்ஜ் வரும் வழியைத் துண்டிக்க வேண்டும், இல்லையென்றால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று போட்டுத் தடுக்க வேண்டும். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. பேட்டரி நடுவில் உப்பியிருந்தது. வெடித்துக் கையில் பட்டிருந்தால் யார் பொறுப்பு?

தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "நாப்பது வருஷத்துப் போர்டு சார், நாங்க என்ன பண்றது?" என்றார். பழைய பேட்டரியைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். பில்லில் "சர்வீஸ்" என்ற ஒரே சொல். எதை மாற்றினார்கள் என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

அதனால் சொல்கிறேன், கொடுக்கும் முன் போர்டின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது "ஆசிட்" என்று ஆரம்பித்தால் கருவியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கழுவிய பிறகு, மேலே எதுவும் பூசும் முன், வெறும் செம்பைக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து டிராக்குகள் அறுந்திருக்கின்றனவா என்று உங்கள் எதிரிலேயே பார்க்கட்டும், பீப் வராத இடத்தில் அறுந்ததை இணைக்கும் ஜம்பர் வயர் வர வேண்டும். புது பேட்டரியைத் தனி ஹோல்டரில் வைத்து, வயர் இழுத்துப் போர்டை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கார்க்கின் பாலி-61 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அவர்களின் மோனோபாலிக்கு நினைவகமே இல்லை, அந்தக் கவலையும் இல்லை.

நான் வார்னிஷைச் சுரண்டி எடுத்து இதுவரை பதினொரு ஜம்பர் போட்டிருக்கிறேன். கட்டைகள் பாதி திரும்பிவிட்டன, நினைவகம் வரவில்லை. இந்தப் போர்டுக்கு மாற்றுப் போர்டு வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள், காசு சேர்ந்ததும் வரவழைக்க வேண்டும். பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சமீபத்தில் யாரிடமாவது பேட்டரி மாற்றியவர்கள் இன்றைக்கே திறந்து பாருங்கள். காசு பேட்டரி இருந்து, பக்கத்தில் டயோடு எதுவும் கண்ணில் படவில்லை என்றால், விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை கருவியை ஆன் செய்யாதீர்கள்.