பண்ணைக்காட்டு ஞாயிற்றுக்கிழமை பயாலஜி டியூஷன், ஆறு மாதம் மகளை அனுப்பிப் பார்த்தபின்

கொடைக்கானல் மலையில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் பலர் கேட்டதால் எழுதுகிறேன். எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம். மகளுக்கு நீட் எழுத ஆசை. போன வருடம் மலைக்குக் கீழே ஒரு பெரிய கோச்சிங் சென்டரில் சேர்த்தோம். அங்கே கிரெப்ஸ் சுழற்சி (செல் உணவிலிருந்து சக்தி எடுக்கும் படிகளில் ஒன்று) நடத்தும்போது "இந்த இடத்தில் ஒரு ஜிடிபி வரும், அதை ஒரு ஏடிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்கள். இவள் எழுந்து, செல்லுக்குச் சக்தி கொடுக்க ஏடிபி இருக்கும்போது உடம்புக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வராது, உட்கார். அவ்வளவுதான் பதில். அப்புறம் அங்கே அவள் வாயே திறக்கவில்லை. கட்டின பணம் போனதைவிட எனக்கு அதுதான் வருத்தம்.

இந்தப் பண்ணைக்காட்டு டீச்சர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, மாதம் 800 ரூபாய். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் திரும்ப முடியாமல் நானும் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அதே ஜிடிபிதான் பாடம்.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்தார். குவானோசின் ட்ரைபாஸ்பேட், குவானோசின் டைபாஸ்பேட் இரண்டையும் தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டுமே ஜிடிபிதான், நோட்டில் எது எதுவென்று தெரியாது. அதனால் அந்த வகுப்பில் மூன்று பாஸ்பேட் உள்ளது "மூணு வாலு", இரண்டு உள்ளது "ரெண்டு வாலு". நானும் அப்படியே எழுதுகிறேன்.

போர்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றை வரைந்தார். செல்லுக்குள் சில புரதங்கள் மூணு வாலைப் பிடித்திருந்தால் ஓடும், ரெண்டு வாலைப் பிடித்திருந்தால் நிற்கும். மூன்றாவது வாலை அறுப்பதும் அந்தப் புரதமேதான், ஆனால் பல புரதங்களுக்கு அது ரொம்ப மெதுவாக நடக்கும். அதை வேகப்படுத்த இன்னொரு புரதம் வரும், அது சிவப்பு பட்டன். ரெண்டு வாலைக் கழற்றி இடத்தைக் காலி செய்ய வேறொன்று வரும், அது பச்சை பட்டன். செல்லில் மூணு வாலுதான் அதிகம் கிடக்கிறது, அதனால் காலி இடத்தில் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை வருடம் மோட்டார் போட்டிருக்கிறேன், போடுவதைவிட சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் காரியம் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் உடம்பிலும் அப்படித்தான் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நிறுத்த முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அவர் எடுத்தது காலரா. அந்தக் கிருமியின் நச்சு, குடல் செல்லில் இருக்கும் ஒரு ஜி புரதத்தின் (மூணு வாலைப் பிடித்து ஓடுகிற அந்தப் புரதங்களில் ஒரு வகை) மேல் ஒரு துண்டை ஒட்டிவிடுகிறது. அதன்பின் அதனால் வாலை அறுக்க முடியாது, செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகிறது, குளோரைடு வெளியே கொட்டுகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகிற வழி மட்டும் அப்போதும் திறந்திருப்பதால்தான் உப்புச் சர்க்கரைக் கரைசல் உயிரைக் காப்பாற்றுகிறது. அடுத்து ராஸ் புரதம், செல்லைப் பெருகச் சொல்வது, இதுவும் மூணு வாலைப் பிடித்து ஓடுகிற வகைதான். அதன் 12ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறிப்போனால் சிவப்பு பட்டன் வேலை செய்யாது, செல் பெருகிக்கொண்டே போகும், புற்றுநோய். இதை மனிதக் கட்டி ஒன்றில் கண்டுபிடித்தது 1982இல். அந்த இடத்து மாற்றங்களில் ஒரு வகையை மட்டும் பிடித்து, புரதத்தை ரெண்டு வால் நிலையிலேயே பூட்டி வைக்கிற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021இல். இடையில் 39 வருடம். டீச்சர் அதைச் சொன்னபோது வகுப்பே அமைதியாக இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராட்பெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் கதை. எலிக் கல்லீரல் செல் சவ்வில் குளுக்ககான் ஹார்மோன் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஏடிபி போட்டால் ஏதோ நடப்பதைக் கவனித்தார். கடைசியில் பார்த்தால் அந்த ஏடிபியில் மூணு வாலு கலந்திருந்தது, உண்மையில் வேலை செய்தது அந்தக் கலப்படம்தான். ஜி புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக 1994இல் அவருக்கும் கில்மன் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு. எதற்கு இது இருக்கிறது என்ற கேள்வி பரீட்சைக்கு வராத கேள்வியா என்று என் மகள் வண்டியில் வரும்போது கேட்டாள்.

நம்ம ஊர்ப் பொருளும் வகுப்புக்கு வருகிறது. காபி விஷயம் ஒரு வாரம். மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள் அதற்கான இருக்கையில் வந்து உட்கார்ந்து ஜி புரதத்தைத் தட்டிவிட்டு மூளையை அசத்தும், காஃபின் அந்த இருக்கையை முன்னாலேயே பிடித்துக்கொள்கிறது, அதனால் தூக்கம் தள்ளிப்போகிறது. இன்னொரு வாரம் ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராகும் கண்வலிக் கிழங்கின் விதை, நம்ம செங்காந்தள்தான். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை, நுனியில் மூணு வாலு டியூபுலின் மூடிபோல இருக்கும்வரை வளரும், அது போனால் சரசரவென்று உதிரும். விதையில் உள்ள கோல்சிசின் அந்த டியூபுலினைப் பிடித்துக் குழலையே கட்டவிடாது. கௌட் வாதத்துக்கு அது மருந்து, அளவு மீறினால் விஷம். விதையைத் தொட்டவர்கள் எல்லோரும் கை கழுவின பிறகுதான் பாடம் தொடர்ந்தது.

குறையும் இருக்கிறது. செல் பாடத்திலேயே இரண்டு மாதம் போய்விட்டது, தாவர வகைப்பாட்டை ஓட்டமாக ஓட்டினார். மாதிரித் தேர்வு மாதத்துக்கு ஒன்றுதான், அது போதாது, கொள்குறி வினாப் பயிற்சியை நீங்கள் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கமெல்லாம் தமிழில், அதனால் ஆங்கில மீடியம் பிள்ளைகள் முதல் சில வாரம் திணறுகிறார்கள். 1 மணிக்கு முடிய வேண்டியது பல நாள் 2 மணி ஆகிவிடுகிறது, பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் இதை முதலிலேயே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், சொன்னால் நேரத்துக்கு விட்டுவிடுகிறார்.

மாடியில் மூன்று பக்கமும் ஜன்னல், மூடுபனி உள்ளேயே வரும், ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புங்கள். இவள் அடுத்த வருடமும் அங்கேதான் போகிறாள்.